ஊர்ப்படத்தில் நான் நீக்கியவை

ஐந்தாவது வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நானே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அரக்கோணத்தில் ஓர் அச்சகத்தின் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்த, காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் இயந்திரத்தை லாரியில் ஏற்றி, வளைவுகளில் அது சரியாமலிருக்க அதன்மேலேயே உட்கார்ந்து திருத்தணிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். ‘பாறை, கடைக்கால் இறங்காது’ என்று மூன்று மேஸ்திரிகள் கைவிட்ட மனையில் மூன்று மாடி எழுப்பினேன். ஆப்செட் இயந்திரத்தை வாங்கியபோது அதை ஓட்டத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. மூன்று மாதம் தாளைக் கசக்கிக் கசக்கி நானே கற்றுக்கொண்டேன். பெரிய பெரிய பேனர் அடிக்கிற ஃப்ளெக்ஸ் இயந்திரத்தையும் இந்த ஊரில் முதலில் இறக்கியவன் நான்தான். எனக்குத் தமிழ் வந்ததுகூட எழுத்துக் கோப்பதில்தான். இடவலம் மாறிக் கிடக்கிற ஈய எழுத்துகளில் ஊரார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து வந்த தமிழ் இது. ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை வரைக்கும் என் கடைப் பத்திரிகை போகாத வீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இந்த வரிசையின் கடைசியில் ஒன்று இருக்கிறது. நம் பேருந்து நிலையத்தில் எட்டடிக்கு ஆறடிப் பலகையாகத் தொங்குகிற திருத்தணி நகர வரைபடம். என் கட்டடத்தில் என் பெயர் இருக்கிறது. கடையின் நெற்றியில் இருக்கிறது. பத்திரிகைகளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தில் மட்டும் இல்லை. போன ஆடிக் கிருத்திகைக்கு மாட்டிய பலகை வெயிலில் வெளுத்துப்போய், இந்த ஆடிக்குப் புதிதாக அடிக்கப் போகிறார்கள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

வரைபடம் எனக்குப் புதிது இல்லை. திருத்தணிக்குக் கல்யாணம் பண்ண வருகிறவர்களில் நிறையப் பேர் வெளியூர்க்காரர்கள். மலையில் தாலி, கீழே மண்டபத்தில் சாப்பாடு. அதனால் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழிகாட்டும் படம் ஒன்று உள்ளங்கை அளவில் இருந்தே ஆக வேண்டும். முப்பது வருடம் அதை வரைந்தது என் கை. இரண்டு கோடு இழுத்தால் ரோடு, குறுக்குக் கட்டை போட்டால் ரயில், முக்கோணம் போட்டு மேலே வேல் வைத்தால் மலை. மண்டபக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றைத்தான் கேட்பார்கள்: “பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்குற மாதிரி காட்டுங்க.” காட்டினேன். என் கையில் ஒரே பேருந்து நிலையம் பதினோரு மண்டபங்களுக்கு அடுத்த வீடாக இருந்தது. படத்தின் கீழே ‘அளவுக்கு உட்பட்டதல்ல’ என்று ஒரு வரி போட்டுவிடுவேன். அந்த வரி இருக்கும்வரை என்னை யாரும் பொய்யன் என்று சொல்ல முடியாது.

மண்டபக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்த சங்கம் ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டது. ஊருக்கு ஒரு வரைபடம், மூன்று அளவில்: பேருந்து நிலையத்துக்குப் பலகை, கையில் மடித்து வைத்துக்கொள்ள ஏ-3 தாள், பத்திரிகைக்கு உள்ளங்கைப் படம். கையால் வரைந்தது கூடாது, கம்ப்யூட்டரில் அளவு சுத்தமாக வேண்டும் என்றார்கள். ‘அளவு சுத்தமாக’ என்னும்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலை என் கடைக்குத்தான் வந்தது. வேறு எங்கே போகும்?

கடையில் கம்ப்யூட்டர் பக்கம் என் மருமகளுடையது. நகரிப் பக்கத்துப் பெண், இன்ஜினியரிங் படித்தவள். மகன் ஆப்செட் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறான், அவனுக்கு வாய் கிடையாது. அவன் பங்கையும் சேர்த்து அவள் பேசுவாள்.

“ஊர் ஊரா யாராரோ மேப் பண்ணி, எல்லாரும் எடுத்துக்கலாம்னு போட்டு வச்சிருக்காங்க மாமா. நம்ம ஊரும் இருக்குது. இறக்கி, கலர் குடுத்து, பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான். ரெண்டு நாள் வேலை” என்றாள்.

நான்கு மாதம் ஆயிற்று.

முதல் தாளை அவள் எடுத்துக்கொண்டு வந்தபோது மை கொட்டிவிட்டதோ என்று நினைத்தேன். ஊரில் இருக்கிற ஒவ்வொரு சந்துக்கும் பெயர். ஏ.டி.எம்., செல்போன் டவர், மூடிப்போன டீக்கடை, யாரோ ஒரு புண்ணியவான் குறித்துவைத்த வேப்பமரம். மலையைச் சுற்றி உயரக் கோடுகள் நெருக்கி நெருக்கிப் போட்டு, மலை பத்திரத்தில் வைத்த கைநாட்டு மாதிரி இருந்தது.

“இதுல மனுசன் எங்க நிப்பான்?” என்றேன்.

“கம்மி பண்ணிடலாம் மாமா” என்று சுட்டியின் சக்கரத்தைப் பின்னால் உருட்டினாள். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, பந்த் அன்றைக்குக் கடைத்தெருவில் ஷட்டர் இறங்குகிற மாதிரி. சந்து போயிற்று, டீக்கடை போயிற்று. நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலைப்படிகளும் போய்விட்டன. இன்னும் ஓர் உருட்டு, சரவணப் பொய்கையின் பெயரும் காணோம். மிஞ்சியது பைபாஸ் ரோடு, ரயில் பாதை, உயர் மின்னழுத்தக் கம்பி.

“இன்னாம்மா இது? படியைக் காணோம்?”

“படி வந்து ஒத்தையடிப் பாதை கணக்கு மாமா. தூரத்துல இருந்து பாக்கும்போது பெரிய ரோடு மட்டும்தான் காட்டும். எந்த அளவுல எது தெரியணும்னு அதுலயே விதி எழுதி வச்சிருக்காங்க.”

“எவன் எழுதினது?”

“எல்லா ஊருக்கும் பொதுவா எழுதினது.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பைபாஸ் ரோட்டைக் கும்பிட எவனாவது காவடி எடுத்துக்கொண்டு வருகிறானா? முந்நூற்று அறுபத்தைந்து படி, தூரத்தில் அது கணக்கில் வராதாம். ஊருக்குள் கால் வைக்காத ரோடு கணக்கில் வருமாம். அந்த விதியை எழுதியவனைத் தேடிப்போய்த் திட்ட வழியில்லை. அதனால் மருமகளைத் திட்டினேன். அவள் மகனைத் திட்டினாள். மகன் இயந்திரத்தைப் போட்டுவிட்டான், சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சண்டை எழுத்து அளவில் வந்தது. திரையில் கொட்டை கொட்டையாகத் தெரிந்த பெயர்கள் தாளில் எறும்பு முட்டையாக இறங்கின. மூன்று முறை எடுத்தாள், மூன்று முறையும் அப்படித்தான். என்ன காரணம் என்று கேட்டால் புள்ளிக் கணக்குச் சொன்னாள். திரையில் ஓர் அங்குலத்துக்குத் தொண்ணூற்றாறு புள்ளி, தாளில் முந்நூறு. படம் நெருக்கமாக விழ மூன்று மடங்கு புள்ளி கொடுத்திருக்கிறாள். எழுத்து மட்டும் பழைய புள்ளிக் கணக்கிலேயே நின்றுவிட்டது.

“எழுத்தைப் புள்ளியில எவன்மா அளப்பான்? அச்சுக் கணக்குல, பாயிண்ட்ல சொல்லு, அங்குலத்துக்கு எழுபத்திரெண்டு. எட்டுப் பாயிண்ட்டுக்குக் கீழ எழுத்து கூடாது. கால் பாயிண்ட்டுக்குக் கீழ கோடு கூடாது, பிளேட்ல நிக்காது, உடைஞ்சிடும். திரையைப் பாக்காத, தாளைப் பாரு.”

“அப்டி பாயிண்ட்ல குடுத்தா பெயரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும் மாமா.”

“ஏறட்டும். அப்பதான் எதைத் தூக்குறதுன்னு தெரியும்.”

அதுவரை யாரும் இந்த வரிசையில் யோசிக்கவில்லை. எல்லாரும் படத்தைப் போட்டுவிட்டு அதில் எழுத்தை எப்படி நுழைப்பது என்று பார்க்கிறார்கள். நான் தாளையும் எழுத்தையும் முதலில் வைத்தேன். மிச்ச இடத்துக்கு எத்தனை பெயர் தாங்குமோ அத்தனைதான். வாழ்க்கை முழுக்கப் பத்திரிகை அடித்தவனுக்குத் தெரியும், தாய்மாமன் பெயர் எட்டு இருந்தாலும் தாள் நீளாது.

அரைகுறைப் படத்தைச் சங்கத்தாருக்குக் காட்டினோம். ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது மீட்டர் என்ற கணக்கில் ஊர் முழுதும் அளவு சுத்தமாக உட்கார்ந்திருந்தது. வந்தது வினை. என் மனைவியின் தம்பிக்கு அரக்கோணம் ரோட்டில் ஒரு மண்டபம். முன்னால் கட்டட கான்ட்ராக்டர், சட்டைப் பையில் இன்றைக்கும் ஸ்கேல் இருக்கும். அதை எடுத்து ரயில்வே ஸ்டேஷனிலிருந்து தன் மண்டபம் வரைக்கும் வைத்துப் பார்த்தான். இருபத்து நான்கு சென்டிமீட்டர்.

“இன்னா பாவா, என் மண்டபத்தைத் தூக்கினு போயி ஆந்திரா பார்டர்ல வச்சிட்ட? மாப்ள ஊட்டுக்காரங்க வேனுக்குப் பர்மிட் எடுத்துகினு வரணுமா?”

“அது இருக்குற எடத்துல இருக்குது. ஆயிரத்து எரநூறு மீட்டர். நீதான கட்டுன?”

“இத்தினி வருசமா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போட்டுகினு இருந்த கை எவன் கை?”

எல்லாரும் சிரித்தார்கள். மற்ற மண்டபக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், அவரவர் மண்டபத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளச் சொல்லி. கடப்பாரையால் நெம்பித் தள்ளுவதற்கு அதென்ன கல்லா? மருமகள் முடியாது என்று சொல்லிவிட்டாள். நானும் முடியாது என்றேன். அன்று முதல் தடவையாக நானும் அவளும் ஒரே பக்கம் நின்றோம். ஆனால் மச்சான் கேட்ட கேள்வி வீடு வரைக்கும் கூட வந்தது.

எதைத் தூக்குவது என்ற கேள்வியும் அப்படியே இருந்தது. சங்கத்தில் கேட்டால் ஒவ்வொருவரும் தன் கடையை வைத்துக்கொண்டு மற்றவன் கடையைத் தூக்கச் சொல்வான். மருமகளுக்கு ஊர் தெரியாது. எனக்கு ஊர் தெரியும், ஆனால் ஊர் தெரிந்தவனுக்கா வரைபடம்? அதனால் ஒரு காரியம் செய்தேன். அச்சில் வீணான தாள்களை ஒரு கட்டாகத் தைத்து எடுத்துக்கொண்டு, பத்து நாள் காலையில் பேருந்து நிலையத்து சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வியை எழுதிக்கொண்டேன்.

ஒருவர்கூடத் தெருப்பெயர் கேட்கவில்லை. “மொட்டை எங்க அடிக்கிறாங்க?” “மலைக்குப் போற பஸ்ஸு எங்க நிக்கும்?” “பாத்ரூம் எங்கங்க?” எல்லை தாண்டி வருகிறவர்கள், “கொண்டகி பஸ்ஸு எக்கட?” என்று மலை பஸ்ஸைத் தெலுங்கில் கேட்டார்கள். படிக்கட்டு, பொய்கை, ஸ்டேஷன், திருப்பதி பஸ். கல்யாண வீட்டார் மண்டபத்தின் பெயரைக் கேட்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பால் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். பைபாஸ் எங்கே என்று கேட்டவன் ஒரே ஒருவன், அவனும் லாரி டிரைவர்.

திரும்பி வந்து, கம்ப்யூட்டரில் இருந்த இடங்கள் அத்தனையையும் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னேன். நானூறுக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டேன். முதல் கேள்வியில் கேட்கப்பட்டால் ஒன்று. கேட்கவே படாதது ஒன்பது. தாள் சிறிதானால் ஒன்பது முதலில் விழும், பிறகு எட்டு, பிறகு ஏழு. உள்ளங்கைப் படத்தில் ஒன்றும் இரண்டும் மட்டும் நிற்கும், கூடவே அந்தப் பத்திரிகைக்குரிய மண்டபம். கோடுகளுக்கும் அப்படியே எண். படிக்கட்டுக்கு ஒன்று, பைபாஸுக்கு ஏழு.

மருமகள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். “ஸ்கூலுக்கெல்லாம் எட்டு போட்டிருக்கீங்க மாமா. அஞ்சாவதோட விட்டுட்டு வந்த கோவமா?”

“பள்ளிக்கோடத்துப் புள்ளைங்களுக்கு வழி தெரியும். மேல படி.”

“உங்க மச்சான் மண்டபத்துக்கு ஆறு.”

“மண்டபம் எல்லாத்துக்கும் ஆறு.”

“அத்தைக்குத் தெரியுமா?”

தெரிந்தது. அன்று மாலையே மச்சான் வந்துவிட்டான். “பாவா, உன் பொண்டாட்டி எங்க அக்கா. ஞாபகம் இருக்குதா?”

“ஞாபகம் இருக்கிறதாலதான் ஆறு. இல்லன்னா ஒம்போது.”

உள்ளே என் மனைவி டம்ளரைக் கீழே வைத்த சத்தத்தில் அன்றைய காபி எனக்கு இல்லை என்று தெரிந்தது.

நான் கையால் எழுதிய எண்களை மருமகள் ஒரு வாரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எல்லா ஊருக்கும் பொதுவான விதியைத் தூக்கிவிட்டு என் எண்ணைப் பார்த்துப் போடு என்று அதற்குச் சொன்னாள். சக்கரத்தைப் பின்னால் உருட்டினாள். பைபாஸ் போயிற்று. மின்கம்பி போயிற்று. மலையின் மேல் படிகள் வெள்ளைக் கோடாக நின்றன. இன்னும் உருட்டினாள், அப்போதும் நின்றன. “நிக்குது மாமா” என்றாள். ஆங், நிக்கும், நிக்காம எங்க போகும் என்றேன். இது என் கணக்கு, என் பெயரும் கூட வரட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், அங்கேயே, அப்போதே.

இப்போது என் தவறையும் எழுதவேண்டும். ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏ-3 தாள் வந்து சேரவில்லை. கடையில் அதில் பாதியான ஏ-4தான் இருந்தது. படம் அதே படம்தானே, சுருக்கிப் போடு என்று மகனிடம் சொன்னேன்.

அவன் வாயைத் திறந்தான். “நைனா, அவள ஒரு வார்த்தை கேட்டுகினு...”

“நான் மிஷினு வாங்கும்போது அவ பொறக்கல.”

இரண்டாயிரம் தாள் ஓட்டினோம். எட்டுப் பாயிண்ட்டுக்குக் கீழே எழுத்து கூடாது என்று சட்டம் போட்டவன் நான், அன்று ஐந்தரைப் பாயிண்ட்டில் ஊரை அடித்தேன். எழுத்து சின்னதானது என் கண்ணில் பட்டது. அவசரத்துக்குப் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். படாதது வேறொன்று. கீழே ‘1 செ.மீ. = 50 மீட்டர்’ என்று எழுத்தில் போட்டிருந்தோம். படம் சுருங்கினால் ஊரும் சுருங்கும். எழுதிவைத்த வாக்கியம் மட்டும் சுருங்காது.

ஆறாம் எண் அந்தத் தாளில் விழுந்திருந்தது, ஆனாலும் மச்சான் தன் மண்டபம் இருக்கிற இடம் வரைக்கும் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். இருபத்து நான்கு இருந்த இடத்தில் பதினேழு.

“பாவா! எண்ணூத்தி அம்பது மீட்டர்தான் வருது! இதைச் சொன்னா அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி கோவிச்சிகினியே!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மற்ற மண்டபக்காரர்களுக்கும் பரம சந்தோஷம். அவன் ஒருபடி மேலே போய், ‘ஸ்டேஷனிலிருந்து 850 மீட்டர்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து, தன் பங்குக்கு வந்த தாள்களில் மண்டபம் இருக்கிற இடத்திலேயே குத்தி அனுப்பிவிட்டான். எனக்கு அப்போதே உறுத்தியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மருமகள் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள்.

மூன்றாம் நாள் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். பெண் வீட்டுக்காரர். ஒரு தோளில் சீர்ப் பித்தளைக் குடம், கையில் என் தாள். பின்னால் அவர் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். வேட்டி முழங்கால் வரை வியர்வை.

“இதை அடிச்சது நீங்களா?”

“ஆங், நான்தாங்க.”

“பத்து நிமிசம் நடந்தா போதும்னு ஆட்டோவ அனுப்பிட்டேன். நடக்குறேன், நடக்குறேன், மண்டபம் வரவே மாட்டேங்குது. வழியில உங்க கடைப் பேரைப் பாத்துட்டு நின்னேன். எண்ணூத்தி அம்பதுன்னா உங்க ஊர்ல எவ்ளோங்க?”

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் மனைவி, “பெரியவரு மொகத்தைப் பாருங்க, அவரும் நடந்து பாத்ததில்ல போல” என்றாள். குடத்தை இறக்கி வைக்கச் சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்து, என் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் என் காதில் ஓடியது ‘அளவுக்கு உட்பட்டதல்ல’ என்ற வரி. இந்தத் தாளில் அந்த வரி இல்லை. அளவுக்கு உட்பட்டது என்று நானே ஊர் முன்னால் வாதாடியிருக்கிறேன்.

அன்றே கடை கடையாகப் போய்த் தாள்களைத் திரும்ப வாங்கினேன். கிடைத்தவற்றை வெட்டி பில் புத்தகங்களுக்கு உள்ளட்டையாக வைத்தேன். மச்சான் தன் ஸ்டாம்ப்பைக் கொடுக்கவில்லை. இன்னும் வைத்திருக்கிறான். ஊரிலிருந்து வந்த மருமகளிடம், வாக்கியமாக எழுதாதே, ஒரு கோடு போட்டு இது இருநூறு மீட்டர் என்று காட்டு, படம் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கட்டும், ஏமாற்ற முடியாது என்று சொன்னேன். பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

“அது எல்லா மேப்புலயும் இருக்குறதுதான் மாமா. மொதல்ல ஓரத்துல இருந்துச்சு. எடத்தை அடைக்குதுன்னு நீங்கதான் தூக்கச் சொன்னீங்க.”

சொல்லியிருக்கலாம். மறுக்கவில்லை. அதற்காகத்தான் என் தவறு என்று எழுதினேன்.

மிச்சமிருந்தது பலகை. அவள் ஏ-3 படத்தையே பெரிதாக்கி எட்டடிக்குக் கொண்டுவந்தாள். ரோடெல்லாம் தேர் வடம் மாதிரி வந்தது. நடுவில் காலி. இடம் இருந்தும் பெயர் இல்லை, ஏனென்றால் ஏ-3இல் விழுந்த ஐந்தும் ஆறும் பலகையிலும் விழுந்தே கிடந்தன. தாள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், பலகையை ஒருவன் பையோடு எங்கே நின்று பார்ப்பான்? அளந்தேன். கம்பித் தடுப்புக்கு வெளியே ஒன்பது அடி. அரை அங்குலம், முக்கால், ஒன்று, ஒன்றரை என்று எழுத்துகளை அடித்து வரிசையாகத் தூணில் ஒட்டி, நிற்கிறவர்களைப் படிக்கச் சொன்னேன்.

பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள், லுங்கி மூட்டையின் மேல் உட்கார்ந்தபடியே கேட்டாள். “இன்னா பெரியவரே, கண்ணு டாக்டரா நீ?”

“படிம்மா, கண்ணாடி ஃப்ரீயாத் தரேன்.”

“மேல ரெண்டு வரி தெரியுது. கீழ எறும்பு ஊருது.”

அவள் சொன்னதுதான் தீர்ப்பு. ஓர் அங்குலத்துக்குக் கீழே எழுத்து கூடாது. அந்த எழுத்தில் எத்தனை பெயர் தாங்கும் என்று பார்த்தோம், ஆறாம் எண் வரைக்கும் தாங்கியது. மண்டபங்கள் எல்லாம் பலகைக்கு வந்தன, இருக்கிற இடத்திலேயே. மச்சான் அன்று இரண்டு கிலோ மைசூர்பாகு அனுப்பினான், எனக்கு இல்லை, அவன் அக்காவுக்கு.

பலகை மாட்டிய அன்று மேளம், மாலை எல்லாம் இருந்தது. சங்கத் தலைவர் துணியை விலக்கினார். மருமகளுக்குச் சால்வை போட்டார்கள். போட வேண்டியதுதான், அந்தப் பெண் உழைத்தாள். “திருகாணி கெட்டியா இருக்கான்னு பாருங்க பெரியவரே” என்று யாரோ சொன்னார்கள். ஏணியில் ஏறிப் பார்த்தேன். ஏணியில் நின்றபடியே வலதுபக்க மூலையைப் படித்தேன். ‘வரைபடத் தரவு: திறந்த வரைபடப் பங்களிப்பாளர்கள்.’ அடுத்து ‘வடிவமைப்பு’ என்று மருமகள் பெயர். அடுத்து ‘வெளியீடு’ என்று சங்கத்தின் பெயர். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“போடக்கூடாதுன்னு இல்ல மாமா. படத்துல வேலை செஞ்சவங்க பேரைக் குடுங்கன்னாங்க. நீங்க எதுவும் வரையலையே?”

“வரையல. தூக்குனேன். நானூறுல எதை எங்க தூக்கணும்னு யாரு சொன்னது?”

“அது சரிதான். ஆனா தூக்குனது யாருன்னு எந்த மேப்புலயும் போட மாட்டாங்களே.”

“அந்த முகம் தெரியாதவங்க பேரு மட்டும் போட்டுருக்கு?”

“அவங்க நிபந்தனை மாமா அது. யார் வேணா எடுத்துக்கலாம், ஆனா அந்த வரியைப் போடணும். உள்ளங்கைப் படத்துல கூட போட்டாகணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “அதுவும் இல்லாம, உங்க கணக்குலயே பாருங்க. பஸ்ஸை உட்டு எறங்குறவங்க யாராவது இந்த மேப்பு யாரு போட்டதுன்னு கேட்டாங்களா? உங்க பேரு ஒம்போதாம் நம்பர், மாமா. மொதல்ல விழுந்துடும்.”

அதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை. ஒரு வருடம் அந்தப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஜனங்கள் இறங்குகிறார்கள், தடுப்புக்கு வெளியே நிற்கிறார்கள், விரலை நீட்டுகிறார்கள், படிக்கட்டைப் பார்த்து நடக்கிறார்கள். யாரும் யாரையும் வழி கேட்பதில்லை. மருமகள் சொன்னதும் உண்மை, மூலையை ஒருவரும் படிப்பதில்லை. படிக்காவிட்டால் போகட்டும். என் கட்டடத்தின் கடைக்காலையும் யாரும் பார்ப்பதில்லை.

இப்போது பதில் இருக்கிறது. சங்கத்தாரும் மருமகளும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகவே எழுதுகிறேன். முகம் தெரியாத அந்த ஜனங்கள் நிபந்தனை போட்டுக் கொடுத்தார்கள், நான் போடாமல் கொடுத்தேன். அது ஒன்றுதான் வித்தியாசம். இன்று போடுகிறேன். அந்த வரைபடத்தில் இருக்கிற எண்கள் என்னுடையவை. எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை ஆடிக்கு வேண்டுமானாலும் அடியுங்கள், எனக்கு எதுவும் தர வேண்டாம். ஆனால் என் எண்களை வைத்து அடிக்கிற பலகையில் என் வரி இருக்க வேண்டும். உள்ளங்கைப் படத்தில் கேட்கவில்லை, அங்கே இடமில்லை என்று எனக்கே தெரியும். ஏ-3 தாளிலும் வேண்டாம். பலகையில், இருநூறு மீட்டர் கோட்டுக்குக் கீழே, ஒரு முழத்துக்கு வெள்ளை இருக்கிறது. அதைக் காலியாக விடச் சொன்னவனும் நான்தான். அங்கே போடுங்கள்: ‘எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்தவர்’. பக்கத்தில் என் பெயர், முதலெழுத்தோடு. ஓர் அங்குல எழுத்தில், ஒன்பது அடியிலிருந்து தெரிகிற மாதிரி.